வேன் ஏறும்வரை கிளைமாக்ஸ் கிடையாது

சாயங்காலம் கம்பெனி வேனின் கதவு திறந்ததும் கந்தக வாடைதான் முதலில் இறங்கும். அதற்குப் பின்னால்தான் அம்மா இறங்குவாள். சாத்தூர் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் பள்ளிக்கூடப் பையோடு நான் காத்து நிற்பேன். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பேச்சி சித்தியும் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். சித்தி நாள் முழுக்கக் கதை சொல்லுவாள். ஆனால் நெஞ்சு பதறும் இடத்தையும் வயிறு குலுங்கும் இடத்தையும் அந்த அறைக்குள் சொல்லக் கூடாது. கேட்கிறவள் கை ஒருமுறை துள்ளி மருந்து உரசினால் யாரும் மிஞ்ச மாட்டார்கள். "கிளைமாக்ஸ வேன்ல வச்சுக்க தாயி, இங்கன எங்க கைய ஆட்டிவிட்றாத" என்று அம்மா அதட்டுவாளாம்.

அதனால் பகலெல்லாம் ஊரும் ஆளும் சிக்கலுமாகவே கதை நகரும். வேன் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவிழும். விலக்கில் இறங்கியும் மற்றவர்கள் சித்தியை விட மாட்டார்கள். "அந்தப் பய செத்தானா பொழச்சானான்னு சொல்லிட்டு நகரு, இல்ல இன்னைக்கு ஒனக்குச் சோறு எறங்காது!" ரோட்டோரம் நின்று எனக்குக் கேட்கக் கிடைத்ததெல்லாம் முடிவுகள்தான். வேன் வராத வரைக்கும் எதுவும் முடியவில்லை என்றே எனக்குப் பதிந்துபோனது. வேன் தாமதமான நாட்களில் வீட்டுக்குப் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் விலக்கிலேயே கிடந்திருக்கிறேன்.

போன வாரம் பள்ளிக்கூட லீவு நாளில் என் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்: கதைக்களம், கதைமாந்தர், சிக்கல், உச்சம். அடுத்ததை வாசிக்கும் முன் சன்னல் அதிர்ந்தது. மேற்கே புகை. அவள் அப்பா அந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில்தான் ஃபோர்மேன். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்ந்து அவர் வந்தார். "நம்ம கம்பெனி இல்ல புள்ள, அடுத்தது" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. "வேற வேலை பாப்பமே" என்றதற்கு, "சீசன் முடியட்டும்" என்றார். அம்மாவும் வருஷா வருஷம் அதையேதான் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் வேன் ஏறிவிட்டார்.

இப்போது அந்த வேன்களில் கதைச் சத்தம் கிடையாது. கேட்டில் திரும்ப வாங்கிய போனில் எல்லோரும் தலை கவிழ்ந்திருக்கிறார்கள். இன்று மகள், பள்ளிக்கூடத்தில் சொந்தமாக ஒரு கதை எழுதி வரச் சொன்னார்கள் என்று உட்கார்ந்தாள். எல்லாம் எழுதியாயிற்றாம்.

"முடிவ மட்டும் எப்பிடிம்மா எழுத?"

மணியைப் பார்த்தேன். "அப்பா வந்துறட்டும். அப்புறம் எழுது."