வெயில் எறிக்குதெண்டால் வெளியிலை வை

தர்மபுரத்தில் அரை ஏக்கர் மிளகாய் வைத்திருப்பவனுக்கு, உலகத்து மிளகாய்க் கண்டுகள் அத்தனைக்கும் புத்தி சொல்லலாம் என்றொரு துணிவு வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் முற்றி, கனடா வரைக்கும் போய்விட்டது.

அங்கே என் தங்கச்சி இருக்கிறாள். போன முறை வந்தபோது என் தோட்டத்து விதையைக் கொண்டுபோய், வீட்டுக்குள் யன்னலோரம் வாளிகளில் போட்டு முளைக்க வைத்தாள். கண்டுகளுக்குக் காவல், புருசனைப் பெற்ற அவளுடைய மாமி. முரசுமோட்டையில் வயலும் வரம்புமாகத் திரிந்த மனுசி, அந்தக் குளிரில் போக ஓரிடமில்லாமல் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு கண்டுகளோடு கதைத்துக்கொண்டிருப்பா. ஒரு பிஞ்சு வந்தாலும் எனக்கு வீடியோவில் காட்டி, என்ன வடிவு என்பா.

பங்குனியில் ஒருநாள் தங்கச்சி வீடியோவில் ஃபோன் எடுத்தாள். பூ கொட்டுகிறதாம். அவளுக்குப் பின்னால் யன்னலில் பளீரென்று வெயில். வன்னியில் பிறந்தவனுக்கு வெயிலும் சூடும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"இப்பிடி வெயில் எறிக்குது, நீ கண்டுகளை மறியல்லை பூட்டி வைச்சிருக்கிறாய். தூக்கி வெளியிலை வை," என்றேன்.

வைத்தாள். பின்னேரம் உள்ளே எடுத்தபோதே இலைகள் அவித்த கீரைபோலத் தொங்கினவாம். நாலைந்து நாளில் இலையும் பிஞ்சும் கொட்டி, வாளிக்குள் ஈர்க்குகள்தான் மிச்சம். ஏன் அண்ணை என்று கேட்டாள். அன்றைக்கு வாளியைத் தூக்கும்போது அவள் வாயால் குளிர்ப்புகை போனதை வீடியோவில் கண்டது எனக்கு நினைவில் வந்தது. கண்ட கண்ணுக்கு உறைத்தது, மூளைக்கு உறைக்கவில்லை. பிழை என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆற்றையோ கண் பட்ட நாவூறு," என்று வந்தது.

பகிடிதான். ஆனால் ஃபோன் சத்தமாகக் கிடந்திருக்கிறது, மாமி பக்கத்தில் இருந்திருக்கிறா.

அடுத்த முறை எடுத்தபோது கதிரை யன்னலடியில் இல்லை. குசினி மூலையில், யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமி இருந்தா. தன் கண் கூடாது என்று முடிவுகட்டிவிட்டாவாம். மாமியின் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு கிழமை. படத்தைக் காட்டினாலும் முகத்தைத் திருப்புகிறா என்றாள் தங்கச்சி. எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டேன்தான், ஆனால் இறங்கவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். குளிருக்குள் வைக்கச் சொன்ன மடையன் நான்தான், நாவூறும் இல்லை ஒன்றும் இல்லை என்றேன். தங்கச்சி சிரித்தாள்.

"உங்கட பகிடியை விடுங்கோ அண்ணை. மாமியைத் தேத்தத்தானே சொல்லுறியள்?"

பின்னாலிருந்து மாமி, தங்கமான பிள்ளை என்றா. காலம் முழுக்கப் பகிடி விட்டவன் உண்மையைச் சொன்னால் அதற்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான். ஏச்சு வாங்கியிருந்தால் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு வழி தோன்றியது. ஃபோனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், காய்த்துக் குலுங்கிய என் அரை ஏக்கரையும் மாமிக்குக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டா. வடிவாகப் பாருங்கோ, என் கண்டு ஒன்றும் வாடாது என்று கெஞ்சினேன். விரல் இடுக்கால் ஒருதரம் பார்த்தா.

விடிந்ததும் பல்லும் தீட்டாமல் தோட்டத்துக்கு ஓடினேன். எதற்கு? ஏதாவது வாடியிருக்கிறதா என்று பார்க்க! ஒரு கண்டில் குருத்துச் சுருண்டிருந்தது. அது போன கிழமையே சுருண்டது, பூச்சி செய்த வேலை. தெரிந்தும் ஒரு கணம் மாமியை நினைத்தேன். வெட்கம் பிடுங்க, அந்தக் கண்டைப் பிடுங்கினேன்.

அதே நேரம் ஃபோன் அடித்தது.

"தம்பி, ஏதும் வாடினதோ?"

"ஒண்டும் இல்லை மாமி. நீங்களே பாருங்கோ."

மெல்ல முகத்திலிருந்து கையை எடுத்தா. இந்தமுறை இரண்டு கண்ணாலும் பார்த்தா. என்ன வடி... என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டா.

"சொல்லுங்கோ மாமி."

"நாளைக்கும் கண்டுகள் நிண்டால் சொல்லுறன்."

நாளைக்கும் காட்டுகிறேன் என்றேன், பிடுங்கின கண்டு இருந்த மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.