கோழிக்கடை வாசலில் வீட்டுச் சோறு

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பொரித்த கோழிக் கடையில் சந்திரகலா கோழி பொரிக்கும் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் சாப்பாடு இலவசம்: கோழி, உருளைக்கிழங்கு வறுவல், வேண்டிய மட்டும் கோலா. வருடக்கணக்கில் மதியம் அதையே சாப்பிட்டார். மிஞ்சியதை இரவுக்கும் கட்டிக்கொண்டு போனார்.

போன வருடம் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கிறது என்றார். இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இவ்வளவு உப்பு தொடர்ந்தால் சிறுநீரகமும் கெடும். சாப்பாட்டை மாற்றினால் இப்போதுகூடச் சரிசெய்யலாம் என்றார்.

கடையில் சொன்னதும் கூட வேலை செய்யும் தனேஷ் சிரித்தான். "ஈரலா? எங்களுக்குத் தெரியாம தண்ணி போடுறீங்களாக்கா?"

"ஆமாடா. கோலாத் தண்ணி."

மறுநாள் சோறும் கீரையும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். ஹலால் சான்றிதழ் பெற்ற கடை என்பதால் வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது. அது அவருக்கும் தெரியும். வாசலுக்கு வெளியே படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். உடம்பில் கடைச் சீருடை. தலைக்கு மேலே கடைப் பலகையில் கோழிப் படம்.

மேனேஜர் முகமது ரஃபீக் வெளியே வந்தார்.

"அக்கா, இங்க உக்காராதீங்க லா. நம்ம ஆளே நம்ம கோழிய சாப்பிடலன்னா கஸ்டமர் என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும், பாஸ்."

"பின்னால சந்துல உக்காரலாமே."

"குப்பைத் தொட்டிகிட்டயா? நீங்க சாப்பிடுவீங்களா அங்க?"

ரஃபீக் குரலைத் தாழ்த்தினார். "ஏரியா மேனேஜர் பாத்தா எனக்குத்தான் ஏச்சு. வார்னிங் லெட்டர் குடுக்கச் சொல்லுவாரு."

"குடுங்க. உள்ள கொண்டு வரல, எந்த ரூல்ஸையும் மீறல. வீட்டுச் சோறு சாப்பிட்டதுக்குன்னு தெளிவா எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். வேலை கடையோடது. ஈரல் என்னோடது."

கடிதம் வரவில்லை. ஏரியா மேனேஜர் வந்த அன்றும் சந்திரகலா அதே படியில்தான் இருந்தார். எழுந்து வழி விட்டார், டப்பாவை மூடவில்லை.

அடுத்த பரிசோதனையில் ஈரல் கொழுப்பு குறைந்திருந்தது. முழுக்க இல்லை. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது, விடாதீர்கள் என்றார் டாக்டர்.

போன வாரம், கடைக்குள் நுழையப் போன ஓர் ஆன்டி படியருகே நின்றார்.

"ஏம்மா, இங்கயே வேலை செஞ்சிட்டு வெளிய சோறு சாப்பிடுற? கோழி நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு ஆன்டி, நான்தான் பொரிச்சேன். எப்பவாவது சாப்பிடுங்க. தினம் சாப்பிட்டா ஸ்கேன்ல தெரியும்."

கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ரஃபீக்குக்குக் கேட்டிருக்கும். அவர் வெளியே வரவில்லை.