விமானத்தில் ஏறிய சினை மாடு

என் கணவருக்கு வெளிநாட்டில் மாடுகளோடு பறக்கிற வேலை. சொன்னால் எங்கள் ஊர் அடம்பனில் பாதிப் பேர் நம்புவதில்லை. பால் பண்ணை ஒன்றுக்காக வாங்கும் மாடுகளைச் சரக்கு விமானத்தில் ஏற்றி, வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு கூடவே போவார். ஏற்றுவதற்கு முன் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். மாட்டைப் பார்க்கும் கண் எங்கள் வீட்டில் எனக்குத்தான். அவர் வயற்காரர். மாடு என்னுடைய சீதனத்தோடு வந்தது, அதைப் பற்றிய அறிவும் கூடவே வந்தது.

அன்று காலை வந்த படத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பசு. வாலடி குழிவிழுந்து, மடி இறங்கி, நான்கு காம்பும் திரண்டிருந்தன. கன்று போடப்போகிற அடையாளம். உடனே குரல்பதிவு அனுப்பினேன்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கறுப்பு வெள்ளையை ஏத்தாதேங்கோ. இண்டைக்கே கண்டு போடும்."

பதில் வந்தது. "மிருக வைத்தியர் ஆறு மாதச் சினை எண்டு கையெழுத்து வைச்சிட்டார். நீர் அடம்பனிலை இருந்துகொண்டு பிரசவம் பாக்கிறீரோ?" கூடவே சிரிப்பு வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போய்ப் பட்டால்தான் உங்களுக்குத் தெரியும்" என்று அனுப்பிவிட்டு, தார் ரோட்டில் காயப்போட்ட நெல்லைக் கிளறப் போனேன்.

மத்தியானம் கடற்கரைப் பக்கத்து ஊரான தாழ்வுபாட்டிலிருந்து ஓர் அழைப்பு. அவரோடு வேலை செய்பவரின் மனைவி. அவளுடைய கணவர் அன்று மாடுகளை ஏற்றிவிட்டுக் கீழே நின்றவர்.

"அக்கா, பதறாதேங்கோ" என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கினால் யார்தான் பதறாமல் இருப்பது? "பிளேன் எழும்ப ஓடேக்கை எஞ்சின் ஒண்டு வெடிச்சதாம். இவர் நெருப்பைக் கண்டவராம். பிறகு புகையாலை ஒண்டும் தெரியேல்லையாம். கிட்டப் போகவும் விடேல்லை."

அவருடைய போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நான் கடைசியாக அனுப்பியதை அவர் கேட்டிருந்தார். இரண்டு சரி அடையாளமும் நீலமாக விழுந்திருந்தன.

பதினாறு வருடத்தில் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் காதில் கொண்டுபோனது இதுவா? என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருந்தது. பிள்ளையாரையும் மடு மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். ஊர் ஆடுகள் நெல்லைத் தின்னத் தொடங்கின. தின்னட்டும் என்று ரோட்டோரம் குந்திவிட்டேன்.

ஒரு மூலை நெல் முழுவதும் போன பிறகு, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு.

"நான்தான். போனை உள்ளுக்கை விட்டிட்டன். ஒரு காயமும் இல்லை."

அவரே சொல்லிக்கொண்டு போனார். சக்கரம் நிலத்தை விடுவதற்குச் சற்று முன் எஞ்சின் வெடித்ததாம். விமானி பிரேக்கைப் பிடிக்க, ஓடுபாதை முடிகிற அந்தலையில்தான் விமானம் நின்றதாம். நெருப்பை அணைத்து, மாடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்களாம்.

"இஞ்சாரும், கேக்கிறீரோ? அந்தக் கறுப்பு வெள்ளை கொட்டிலுக்கு வந்த உடனை கண்டு போட்டிட்டுது."

பின்னால் கன்று கத்தும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அழுகை வந்தது.

"நான் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ" என்றேன்.

"பிளேன் குலுங்கேக்கை அதைத்தான் நினைச்சன். நான் செத்துப்போனால், 'அப்பவே சொன்னனான்' எண்டு நீர் ஆருக்குச் சொல்லுவீர்?"

அழுகையும் சிரிப்புமாக நான் அடுத்துக் கேட்டது என்ன தெரியுமா? "இளங்கொடி விழுந்திட்டுதோ?"

"விழுந்திட்டுது. இஞ்சை ஆலமரத்துக்கு எங்கை போறது? குப்பைப் பையிலை போட்டிட்டாங்கள்."

எங்கள் பக்கம் பசு கன்று போட்டால், கன்றுக்குப் பின்னால் விழும் இளங்கொடியைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். நாய் இழுத்தால் பால் வற்றிவிடும் என்பார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. மிஞ்சிய நெல்லைக் கூட்டி அள்ளினேன். ஓர் உரப்பையில் வைக்கோலை அடைத்து, குளக்கட்டு ஆலமரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். விசர் வேலைதான். ஆனால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோசம்.

மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரர் என்னைக் கண்டு நிறுத்தினார்.

"மாடு கண்டு போட்டிட்டுதோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. மனுசனும் தப்பிட்டார்" என்றேன். "ஏத்த வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான்."