புகைவிட மறுத்த கார்

போன வருடம் புரட்டாசியில், குறுவை அறுவடை மும்முரமாக இருந்த நேரத்தில் நடந்தது இது. குடவாசல் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்கு நெல்லின் தரம் பார்க்கும் வேலை. விவசாயிகள் கொண்டுவரும் குவியலில் ஒரு கைப்பிடி எடுத்து மெஷினில் போட்டு ஈரப்பதம் பார்ப்பேன். அளவுக்கு மேல் காட்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். சிலர் நன்றாகக் காய்ந்த நெல்லை மடியில் முடிந்து வந்து, ஈரக் குவியலுக்குச் சாம்பிளாக நீட்டுவார்கள். என்னிடம் அந்த வித்தை பலிக்காது. கறார் பேர்வழி என்று எனக்குப் பெயர், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் புதன்கிழமை ஓர் அம்மா மூன்றாவது முறையாக நெல்லோடு வந்தார். அப்போதும் ஈரம். "ரோடெல்லாம் நனைஞ்சு கெடக்கு, எங்க கொண்டுபோய்ம்மா காயவைக்கிறது?" என்று கேட்டார். "அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டேன். மறுநாள் நான் எடுத்திருந்த முழு நாள் லீவு பற்றித்தான் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

லீவு எதற்கு என்றால், என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் வாரம் இரண்டு நாள் பயிற்சி, திங்களும் வியாழனும்; காலையில் அனுமதி வாங்கிக்கொண்டு நான்தான் கூட்டிப்போய்விட்டு மதியம் வேலைக்கு வருவேன். இந்த மூன்று மாதத்தில் விட்டுவிட்டால் பிறகு கை வராது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ் படியில் அவரால் ஏற முடியாது. அதற்காகவே செகண்ட் ஹேண்டில் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினோம். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. கிளட்ச் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்ட எனக்கு அதுதான் சரிப்பட்டது.

வெள்ளிக்கிழமையோடு அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிகிறது. புதுப்பிக்கப் புகை பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆக, வியாழனுக்குள் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் திங்கட்கிழமை பயிற்சி இல்லை.

வியாழன் காலையில் பயிற்சி முடிந்ததும் கணவரையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு, தஞ்சாவூர் எல்லையில் இருந்த ஒரு பரிசோதனை மையத்தில் வண்டியை நிறுத்தினேன். புகைக்குழாயில் டியூபைச் செருகினார்கள். பத்து நொடிகூட ஆகியிருக்காது, எஞ்சின் கப்சிப். இந்த வண்டியில் நிற்கும்போது அது தானாகவே அணைந்துவிடும், கோளாறு இல்லை என்று விளக்கினேன். "கரண்ட் வண்டிக்குப் புகை டெஸ்டே கெடையாது மேடம். ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்துடுங்க" என்று டியூபைச் சுருட்டிவிட்டார்கள்.

சரியென்று போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம் வரிசை. முழுக்கக் கரண்டில் ஓடும் வண்டிக்குத்தான் விலக்கு, உங்கள் ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் இருக்கிறது, டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். மெஷினில் அளவே வரவில்லையே என்றேன். "அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? வேற சென்டர் பாருங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார் அந்த ஊழியர். அவர் சொன்னதில் விதிப்படி ஒரு தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான் போலிருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் இன்றைக்கு வீட்டுக்குப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் வலங்கைமானில் இன்னொரு மையம் இருந்தது. அதை நடத்துபவருக்கு முப்பது வயதிருக்கும், நல்ல மாதிரி. அவர் டியூபை வைத்தபோதும் எஞ்சின் நின்றுபோனது. "சூடாகலக்கா. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க, நிக்காது" என்றார். நம்பிப் போனேன். அந்தப் பக்கம் மழை இல்லை போல, காயப்போட்ட நெல் பாதி ரோட்டை அடைத்திருந்தது. மீதியில் மாடுகள். அடிக்கு ஒரு பிரேக் போட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். இந்த முறை டியூபை உள்ளே விடுவதற்கு முன்பே எஞ்சின் அணைந்துவிட்டது. ஸ்டியரிங்கைக் குத்தாத குறை.

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது. "நீங்க கவலைப்படாதீங்கக்கா" என்றவர், பக்கத்தில் நின்ற வேறொரு காரின் புகைக்குழாயில் டியூபைச் செருகினார். கேமராவை மட்டும் என் நம்பர் பிளேட்டுக்கு நேராகத் திருப்பினார். இரண்டே நிமிடத்தில் கையில் சான்றிதழ் வந்துவிடும் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எடுக்கட்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். திங்கட்கிழமை கண்முன் நின்றது. அப்புறம் மடியில் முடிந்துவரும் சாம்பிள் நெல் ஞாபகம் வந்தது. எத்தனை பேரை அதற்காக நாலு பேர் முன்னால் அதட்டியிருக்கிறேன்! "வேணாம் தம்பி, என் வண்டியோட புகையத்தான் எடுக்கணும்" என்றேன். "உங்க வண்டி புகையே விடமாட்டேங்குதேக்கா" என்று அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

அதுவரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த என் கணவர் கண்ணாடியைத் தட்டினார். தண்ணீர் கேட்கிறாரோ என்று ஓடினேன். டேஷ்போர்டுத் திரையில் தெரிந்த பேட்டரிப் படத்தை இடது கையால் காட்டினார். அது முழுக்கப் பச்சையாக இருந்தது. "வாய்க்கா... நெறைய... தண்ணி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மோட்டாரு... எவன்... போடுவான்?" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது. முப்பது வருடம் வயல் பார்த்த மனிதர். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்வரை எங்கள் பக்கம் யாரும் போர்செட் மோட்டாரைப் போடமாட்டார்கள். வாய்க்கால் வற்றினால்தான் மோட்டார். இந்த வண்டியும் அதே சங்கதிதான். பேட்டரியை வற்றவைக்க வேண்டிய நான், பத்து கிலோமீட்டர் பிரேக் போட்டுப் போட்டு அதை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன்! பிரேக் போட்டால் பேட்டரி ஏறும் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வண்டியை அங்கேயே நிறுத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். முன் விளக்கையும் போட்டேன். வெயிலுக்கே ஏசி போடும் மகராசி என்று டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் அசையவில்லை. மையத்துக்காரரும் டியூபைக் கையில் பிடித்தபடி வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. என் கணவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் இருக்கும். இரண்டு கோடு மிச்சமிருந்தபோது வண்டி ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, எஞ்சின் உறுமியது.

"ஓடுதுக்கா! யாரும் எதையும் தொடாதீங்க!" என்று அவர் டியூபைச் செருகினார். மெஷினில் எண்கள் ஓடி நின்றன. பிரிண்டரில் தாள் வந்தது. என் வண்டியின் சொந்தப் புகை, அளவுக்கு வெகு கீழே. ஏஜென்டுக்குப் போட்டோ அனுப்பிவிட்டுத் திரும்பினால், என் கணவர் கோணிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இனிமேல் யார் வந்து கேட்டாலும் இந்த வழியைச் சொல்லும்படி மையத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். "போர்டே எழுதி வச்சிடுறேன்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை கொள்முதல் நிலையத்துக்குப் போனேன், வெயில் தலைகாட்டியிருந்தது. புதன்கிழமை நான் திருப்பி அனுப்பிய அந்த அம்மா நெல்லைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மெஷின் அன்றும் ஈரம்தான் என்றது. நேற்று போக்குவரத்து அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பதிலையே நான் வருடக்கணக்காக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது. எடைமேடைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தளத்தைக் காட்டினேன். "இங்க மெல்லிசா விரிச்சுவிடுங்க. அரை மணிக்கு ஒரு தரம் காலால கிளறுங்க. மூணு மணிக்கு வர்றேன், எங்கயும் போயிடாதீங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் போல.

மூன்று மணிக்கு வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. கைப்பிடி நெல்லை நான் மெஷினில் போட்டபோது அந்த அம்மாவைவிட என் நெஞ்சுதான் அதிகம் அடித்துக்கொண்டது. அளவுக்குள் வந்திருந்தது. முதல் தூறல் விழுவதற்குள் மூட்டைகள் எடைமேடைக்கு ஏறிவிட்டன.

அளவில் இன்றைக்கும் நான் கறார்தான். ஆனால் யாரையாவது திருப்பி அனுப்ப வாய் திறக்கும்போதெல்லாம், ஏசியைப் போட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டு வலங்கைமானில் உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிடம் ஞாபகத்துக்கு வருகிறது. வழியையும் சேர்த்துச் சொல்லாமல் என்னால் இப்போது ஒருவரையும் அனுப்ப முடிவதில்லை.