நடு உடல்

ஜெர்மேன் கெர்வெல்லா பிரித்தானி கடற்கரையில், மத்தி மீனை டப்பாவில் அடைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். பாரிசுக்கு வந்து, மோன்பர்னாஸில் அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் பட்டறையில் சேர்ந்தாள். உருவம் வெட்டிய தகட்டைப் படத்தின் மேல் வைத்து, தூரிகையால் ஒற்றி எடுக்கும் வேலை. விளிம்பு தாண்டி ஒரு பொட்டு நிறம்கூட வழியவிடமாட்டாள்.

எதிரே இருந்த காபிக்கடையில் கவிஞர் மரெஷோவும் ஓவியர் வொக்லேனும் கனவுகளைப் பற்றிச் சண்டை போடுவார்கள். 1934 ஜனவரியில் ஒரு மாலை, அவர்களுடைய தாள் விளையாட்டுக்கு ஆள் குறைந்தது. ஒருவர் தலையை வரைந்து தாளை மடிப்பார். மடிப்பைத் தாண்டி இரண்டு கோடு மட்டும் எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் உடலையும், அதேபோல மூன்றாமவர் காலையும் வரைய வேண்டும்.

“ஜெர்மேன், இங்க வா. யோசிக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி” என்று, வேலை முடிந்து காபி குடிக்க வந்திருந்தவளைக் கூப்பிட்டார் மரெஷோ.

“அதுக்குத்தான எங்க பட்டறை மேஸ்திரியம்மா சம்பளமே தர்றாங்க” என்று உட்கார்ந்தாள்.

உடலுக்குப் பதிலாகப் பாதி திறந்த மத்தி டப்பாவை வரைந்தாள். உள்ளே வரிசையாகப் பெண்கள் உறங்கினார்கள். தாளைப் பிரித்ததும் வொக்லேன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது புத்தகமாகணும். கவிதை இவனோடது. தலையும் காலும் நான், உடம்பு நீ. முகப்புல நம்ம மூணு பேரோட பேரும் வரும்.”

அந்தக் குளிர்காலம் முழுக்க நடு உடல்களை அவள்தான் வரைந்தாள். ‘கெர்வெல்லா என்ற நம் அப்பா வழிக் குடும்பப் பேர் புத்தகத்தில் வரப்போகிறது’ என்று ஊரிலிருந்த அக்காவுக்கு எழுதினாள்.

வசந்தத்தில், அச்சான தாள்கள் வண்ணத்துக்காக அவள் பட்டறைக்கே வந்தன. உடல்களுக்கான தகடுகளையெல்லாம் ஆசையாக வெட்டி வைத்தாள். கடைசியாக வந்தது முகப்புத் தாள். அதில் இரண்டே பெயர்கள்.

தெருவைக் கடந்து போய்க் கேட்டாள். “என் பேரு எங்க?”

“கனவுக்கு யாரும்மா சொந்தக்காரன்?” என்றார் மரெஷோ.

“அப்ப உங்க ரெண்டு பேர் பேரு எதுக்கு?”

வொக்லேன் கோப்பையிலிருந்த காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். “பதிப்பாளர்தான் வேணாம்னாரு. நான் என்ன பண்ண?”

திரும்பி வந்தவள், மற்ற பிரதிகளுக்கு வழிகாட்டும் மாதிரித் தாளில் தலைக்கும் காலுக்கும் மட்டும் வண்ணம் வைத்தாள். நடுவை வெள்ளையாகவே விட்டாள். திட்டு வரும், அதற்குப் பதிலும் வைத்திருந்தாள்.

மறுநாள் வொக்லேன் வந்து தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“நடுவுல இந்த வெறுமை... பிரமாதம். எல்லாத்தையும் இப்படியே பண்ணச் சொல்லுங்க” என்றார் மேஸ்திரியம்மாவிடம். ஜெர்மேன் பக்கம் திரும்பவே இல்லை.

மேஸ்திரியம்மா அந்தத் தாளை அவள் மேஜைக்கு எதிரே ஆணியில் மாட்டினாள். ஜெர்மேன் நீலத்தில் தூரிகையைத் தோய்த்து, முதல் தலையைத் தொடங்கினாள். உடலுக்காக அவள் வெட்டிய தகடுகள் கடைசிவரை வண்ணத்தில் நனையவில்லை.