நாற்பது கணினிகளிலும் ஓடிய நடனம்

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் நான் கணினி ஆசிரியை. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள், லாகின் செய்தால் திரை வரவே பத்து நிமிடம் ஆனது. "கேம்ஸ் ஏத்தினீங்களாடி?" என்று மாணவிகளைத் திட்டித் தீர்த்தேன்.

பழுதுபார்க்க வந்த சிந்தாதிரிப்பேட்டைக் கணினிக் கடைப் பெண் எதையும் கழற்றவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"மிஸ், இந்த ஆண்டுவிழா டான்ஸ் வீடியோல்லாம் யார் போட்டது?"

"நான்தான். பிள்ளைங்க பார்க்கட்டும்னு அவங்க பொது லாகின்ல வச்சேன்."

"அதான் மிஸ். யார் லாகின் பண்ணாலும், எல்லா ஃபைலயும் வச்சிருக்கற சர்வர் இத்தயும் சேத்து அந்த மிஷினுக்குத் தூக்கிக்கினு ஓடுது."

வீடியோக்களை பென்டிரைவுக்கு மாற்றினார். மறுபடி லாகின் செய்ததும் நாற்பது திரைகளும் மளமளவென்று ஒளிர்ந்தன. நான் ஓரிடத்தில் வைத்தது, சுவருக்குள் போகும் கம்பி வழியாக இத்தனை தூரம் ஓடியிருக்கிறதே!

மறுநாள் தேர்வு தடங்கலின்றி நடந்தது. இப்போதெல்லாம் கணினி மெதுவானால், பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் நான் என்ன வைத்தேன் என்று பார்க்கிறேன்.