அறிக்கை இலக்கம் 2214

நான் கதை கட்டுகிறவன் அல்ல. கண்டியில் என் தகப்பனாரின் பெயரில் நடக்கும் இரத்தப் பரிசோதனை நிலையத்தில், 2008ஆம் ஆண்டு பௌர்ணமிப் போயா விடுமுறை ஒன்றில், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை, கணினிகளைக் கவனிக்கும் நளீர் எங்கள் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். வைத்தியர்கள் கடவுச்சொல் கொடுத்து இணையத்தில் அறிக்கை பார்ப்பது அதில்தான். மாற்றியபின் ஒருவருடைய கடவுச்சொல்லும் வேலை செய்யவில்லை. என்னுடையதும்தான்.

“மெசினுக்கு மொதலாளியவே தெரியாதாம் சேர்,” என்று நளீர் சிரித்தார். “பழைய மாதிரி பூட்டின பாஸ்வேர்ட புதுசு ஏத்துக்காது. லிஸ்ட்ட முழுசா அழிச்சிட்டு எல்லாருக்கும் புதுசா போடணும்.”

அழித்தார். பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. நானே பார்த்தேன்.

பிற்பகல் 3.12. திரையில் ஒரு வரி விழுந்தது. யாரோ உள்ளே நுழைந்திருந்தார்கள்... கடவுச்சொல் சரி.

பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. என் ஒரே தம்பி.

“கனடாவில இருந்து பாக்கிறாரு போல,” என்றார் நளீர்.

தம்பி கனடாவில் இல்லை. 2006 ஒக்டோபர் 11ஆம் திகதி வீதியில் வைத்து அவனை யாரோ வான் வண்டியில் ஏற்றிப் போனார்கள். புலிகளோடு தொடர்பென்று குடும்பத்தின் மேல் சந்தேகம் விழாதிருக்க, அவன் வெளிநாடு போய்விட்டதாக நானே பொலிசுக்குக் கடிதம் கொடுத்தேன். எவரும் தேடவில்லை. இது வெளியில் வந்தால் தகப்பனாரின் பெயர் என்னாவது? நளீர் எதையோ அறிந்துகொண்டு விளையாடுகிறாரோ?

“எங்கையிருந்து வந்தது?”

“இந்த மெசினுக்குள்ள இருந்தே சேர்...”

“நீர்தானே தம்பியின்ர பேரைப் போட்டனீர்?”

“அல்லாஹ் மேல சத்தியமா இல்ல. பாருங்க, கையில தேத்தண்ணி!”

இணைப்பு வயரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினார்.

3.16. மறுபடியும் அதே பெயர்.

3.17. மறுபடியும்...

டக். டக். விசைப்பலகையை எவரும் தொடவில்லை.

ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் கேட்டது ஒரே அறிக்கை. இலக்கம் 2214.

“திறவும்.”

கம்பளைக்கு அருகே, மகாவலி ஆற்றில் எடுத்த இனந்தெரியாத உடலின் இரத்தம், பொலிஸ் பரிசோதிக்க அனுப்பியது. ஆண்.

நளீர் கோப்பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

டக்...

மறுநாள் பொலிசுக்குப் போய், என் கடிதம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் இரத்தத்தையும் கொடுத்தேன். நான்கு மாதங்களில் முடிவு வந்தது. அது என் தம்பியின் உடல்தான்.

பிணவறைப் புத்தகத்தையும் காட்டினார்கள். உடல் வந்த திகதி, 2006 ஒக்டோபர் 9.

பத்தாம் திகதி முழுவதும் தம்பி எங்கள் நிலையத்தில் இருந்தான். அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் கடவுச்சொல் அமைத்துக் கொடுத்தான். மத்தியானம் எனக்கு எதிரே அமர்ந்து சோறும் சாப்பிட்டான்.